ஃபுளோரிடாவில் மோட்டார்ஹோம்: டீலர் ஃபீ 1,199 டாலர் கட்டித்தான் ஆகணுமா?

கேள்வி:
விளம்பரத்தில் கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வீடு போல உள்ளே தங்கிக்கொண்டே ஓட்டிப் போகும் வண்டி) 89,900 டாலர். கையெழுத்துக்கு நீட்டிய தாளில் அதற்குக் கீழே "பிரீ-டெலிவரி சர்வீஸ் 1,199" என்று, அதாவது வண்டியைக் கையில் தருவதற்கு முந்தைய வேலைக்கு, தனியாக ஒரு டீலர் ஃபீ. மாநில அரசு விதித்தது, குறைக்க முடியாது என்கிறார் சேல்ஸ்மேன். உண்மையா? உச்சவரம்பு உண்டா?

பதில் 1:
அரசுக்கும் அந்தக் காசுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஃபீ இருக்கிற ஒவ்வொரு தாளிலும், இது டீலரின் செலவும் லாபமும் சேர்ந்த தொகை என்ற வாசகம் அச்சாகியிருக்கணும். 'லாபம்' என்ற சொல்லைச் சட்டமே போடச் சொல்லுது! விரலை வைத்துக் காட்டுங்க, பேச்சு மாறிடும்.

உச்சவரம்பு கிடையாது. பிடி இருப்பது விளம்பரத்தில்தான். ஃபுளோரிடா சட்டப் பிரிவு 501.976-இன்படி வாங்குபவர் கட்டியே ஆகவேண்டிய எல்லாமே, ஃபிரெயிட் (வண்டியைக் கொண்டுவரும் செலவு), பிரெப் (வண்டியைத் தயார் செய்யும் செலவு) உட்பட, விளம்பர விலைக்குள் அடங்கணும். அரசு வரி, நம்பர் பிளேட், பதிவு, டைட்டில் (உரிமைப் பத்திரம்) மட்டும் வெளியே நிற்கலாம். ஆக 89,900-க்கு மேல் இந்த 1,199 ஏறவே கூடாது.

கேட்டவர்:
விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் "டீலர் ஃபீ தனி" என்று இருக்கே?

பதில் 1:
அடங்கணும் என்பதுதான் விதி. தனி என்று எழுதிவிட்டால் அடங்கினதாகாது. ஸ்டாக் நம்பரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க; நாளைக்கே பக்கத்தை மாற்றிடுவாங்க.

பதில் 2:
இது மோட்டார்ஹோமுக்குச் சரி. டிராவல் டிரெய்லர் (வேறு வண்டியில் மாட்டி இழுத்துப்போகும் தங்கும் வண்டி) வாங்குறவங்க இதை நம்பிப் போகாதீங்க. 501.975-இல் 'வாகனம்' என்ற வரையறையிலேயே சொந்த எஞ்சின் இல்லாத டிரெய்லர்கள் விலக்கப்பட்டிருக்கு. அங்கே பேரம்தான் வழி.

பதில் 3:
அந்த ஃபீயைத் தாளிலிருந்து அடிக்கச் சொல்லி மல்லுக்கட்டினால் "எல்லாருக்கும் ஒரே ஃபீ" என்பாங்க. ஃபீ இருக்கட்டும், வண்டி விலையில் 1,199 குறைங்க என்று கேளுங்க. மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காம முன்பணம் தராதீங்க. இந்த ஃபீக்கும் 6% விற்பனை வரி உண்டு, 71.94 டாலர். கவுன்ட்டி சர்டாக்ஸ் (உள்ளூர் கூடுதல் வரி) முதல் 5,000 டாலருக்கு மட்டும் என்பதால் இந்த ஃபீயால் அது ஏறாது.

இன்னொன்று: வண்டியைத் தயாரித்த கம்பெனி செய்யச் சொல்லி, டீலருக்குக் காசும் திருப்பித் தருகிற பிரீ-டெலிவரி வேலைக்கு உங்களிடம் மறுபடி வாங்கக் கூடாது. எந்த வேலைக்கு இந்த 1,199 என்று இமெயிலில் கேளுங்க. வழக்கு வரை போனால், குறைந்தது 30 நாள் முன்னாடியே டீலருக்கு எழுத்தில் டிமாண்ட் லெட்டர் (உங்கள் கோரிக்கையைச் சொல்லும் கடிதம்) போயிருக்கணும்.