துறையில் சமவாய்ப்புப் பொறுப்பு: எங்கே தொடங்குவது?

கேள்வி (வரலாற்றுத் துறை, உதவிப் பேராசிரியர்)
வணக்கம். சமவாய்ப்புப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். துறைத்தலைவர் எதிர்பார்ப்பது ஒரு உறுதிமொழி, ஒரு பேனர், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்புக்கு நாலு போட்டோ. எனக்கு உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. நிதி கிடையாது. இந்த ஆண்டு எம்.ஏ.வில் பார்வையற்ற மாணவி ஒருவரும் சேர்ந்திருக்கிறார்.

பதில் (பார்வையற்ற ஆய்வு மாணவன்)
மேடம், உங்கள் துறை நோட்ஸ் எந்த எழுத்துருவில் இருக்கிறது? பாமினியில் அடித்திருந்தால், திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் தமிழை விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகளை உளறிக்கொட்டும். ஜெராக்ஸை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அந்த உளறல்கூட வராது. யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு, ஆனால் அப்புறம் யாராவது உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும். தேர்வில் சொல்வதை எழுதுபவரோடு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. இன்டர்னலுக்கும் கொடுங்கள். அங்கேதான் மறந்துபோவார்கள்.

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்)
பேனர்தானே, வைத்துவிட்டுப் போங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். ஆபீஸ் ஆள் வகுப்பு வாசலில் நின்று "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க வாங்க" என்று கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். எங்கள் துறையில் கூப்பிட்டார்கள், எழுந்து போகிறவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். வகுப்பில் மாணவர்களின் சாதியை அறிவிப்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2012 சமத்துவ விதிமுறைகளே பாகுபாடு என்கின்றன. கூப்பிடுவதற்குப் பதில், பதிவெண்ணை மட்டும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். காசா, பணமா?

பதில் (முன்னாள் மாணவி, கல்வெட்டுத் துறை)
களப்பயணத்தைக் கவனியுங்கள் மேடம். மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது, எடுக்கும்போது தாளை நனைத்துக் கல்லில் ஒட்டுவது, பிரஷ்ஷால் தட்டுவது, மை ஒற்றுவது எல்லாம் பையன்கள். நாங்கள் தண்ணீர் கொண்டு வருவோம், நோட்டில் எழுதுவோம். யாரும் தடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. நேர்காணலில் "மைப்படி எடுத்திருக்கிறாயா?" என்றபோது முழித்தேன். சுழற்சி முறையில் பெயர் போட்டு ஒட்டுங்கள். இன்னொன்று, பஸ் வாடகையை முன்கூட்டியே கட்டச் சொன்னால் சிலர் "உடம்பு சரியில்லை" என்று நின்றுவிடுவார்கள். காரணம் உடம்பு அல்ல.

கேட்டவர்
நன்றி. ஆபீஸில் பேசினேன், பதிவெண் விஷயத்துக்குச் சரி என்றார்கள். மைப்படிப் பட்டியலை நானே போடுகிறேன். பாமினி நோட்ஸ் மலைபோல் கிடக்கிறது, இந்த செமஸ்டர் தாள்களை மட்டும் முதலில் மாற்றுகிறோம். பஸ் வாடகைக்குத்தான் வழி தெரியவில்லை. உங்கள் துறைகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?