பர்லியாறு தாண்டினால் அம்பாசிடர் நின்றுவிடுகிறது

குன்னூர் அம்பி:
அப்பா ஓட்டிய 1978 மார்க் 3, பெட்ரோல் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும், குன்னூருக்குள் எவ்வளவு சுற்றினாலும் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி மலை ஏறும்போது மட்டும், பர்லியாறு தாண்டி மூன்று நான்கு வளைவுக்குள் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. டயருக்குக் கல் வைத்து, பானட் மேல் ஏறும் குரங்கை விரட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் காயில் இரண்டு மாதம் முன்புதான் புதிதாகப் போட்டது, அதனால் அது இல்லை. (அப்போது மூடுபனி காலையில் எடுக்காமல் மக்கர் பண்ணியது.) மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பழைய இரும்பு:
ஏற்றத்தில் சூடாகி பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள், உடனே எடுத்தால் அதுதான்.

கோத்தகிரி ஸ்பானர்:
துணி போடுவதற்கு முன்னால் ஸ்பார்க் பாருங்கள் தம்பி, வண்டி நின்ற இடத்திலேயே, ஆறவிடாமல். நியூட்ரலில் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது) மூடியில் இருந்து நடு ஒயரைப் பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட குறடால் என்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சடசடவென்று அடித்தால் பெட்ரோல் கோளாறு. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ பம்ப்புக்குச் செலவழிக்க வேண்டாம். புது சாமான் என்பதால் காயிலை விட்டுவிடாதீர்கள், எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

குன்னூர் அம்பி:
ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நின்றது. துணி போட்டும் எடுக்கவில்லை. ஸ்பார்க் மஞ்சள்தான், அதுவும் விட்டு விட்டு. காயிலில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது.

கோத்தகிரி ஸ்பானர்:
சாவியை அணைத்துவிட்டு, காயிலின் இரண்டு சின்ன முனைகளிலும் ஒயரைக் கழற்றி, நடுவில் எத்தனை ஓம் என்று மீட்டரில் பாருங்கள். உங்கள் வண்டிக்குச் சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். ஒன்றரை காட்டினால் அது கரண்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் சேர்த்துப் போடவேண்டிய காயில். நேராக 12 வோல்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஊருக்குள் சின்ன ஓட்டத்தில் தாங்கிவிடும், மலை ஏற்றத்தில் படுத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்ட்டை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்ட்டும் கருகியிருக்கும் பாருங்கள்.

குன்னூர் அம்பி:
1.5 அண்ணா! பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. நல்லவேளை பழைய காயிலைத் தூக்கிப் போடவில்லை, அது 3.2 காட்டுகிறது. அதையே மாட்டி, பாயிண்ட் மாற்றி, அதன் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து நேற்று மேட்டுப்பாளையம் போய் வந்தேன், எங்கும் நிற்கவில்லை. அப்போ மூடுபனியில் எடுக்காமல் போனதற்கு என்ன காரணம்?

கோத்தகிரி ஸ்பானர்:
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், முடி மாதிரிக் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று. இருந்தால் பனி ஈரத்தில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே கசிந்துவிடும்.

குன்னூர் அம்பி:
இருக்கிறது. இரண்டு பிளக் ஒயர் முனைகளுக்கு நடுவில். மூடி வாங்கக் கிளம்பிவிட்டேன்.