பேர்ட்ஸ் தங்கள் பாட்டைத் தாங்களே வாசிக்கவில்லையா?

பன்னிருதந்தி:
நேற்று பீட்டில்ஸ் திரியில் அமெரிக்க ராக் குழுவான பேர்ட்ஸைப் பற்றி மொட்டைமாடி, "பேர்ட்ஸ் ஒரு ஸ்டுடியோ பொம்மை, சொந்தமாக வாசிக்கத் தெரியாத கூட்டம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவானபோது அந்தப் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிதாரை வாசித்தது யார்? குழுவின் மெக்குவின். அந்தத் தொடக்க கிதார் இல்லாமல் அந்தப் பாட்டே கிடையாது.

மொட்டைமாடி:
ஒருத்தர் வாசித்தால் குழு வாசித்ததாகுமா? டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் லாரி நெக்டல். ஜெர்ரி கோல், லியோன் ரஸ்ஸல் எல்லாம் சம்பளத்துக்கு வந்தவர்கள். குழுவின் பேஸ்காரர் ஹில்மனும் டிரம்ஸ்காரர் மைக்கேல் கிளார்க்கும் எங்கே? சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

பன்னிருதந்தி:
பாடியது மெக்குவின், ஜீன் கிளார்க், கிராஸ்பி, மூவரும் குழுக்காரர்கள். அந்தக் குரல்களையும் வாடகைக்கா எடுத்தார்கள்? குழு தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது, தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த சிங்கிள் இசைத்தட்டின் இரண்டு பக்கம் மட்டும்தான் அப்படி. ஆல்பத்தில் மீதி அத்தனையும் அவர்களே வாசித்தது.

மொட்டைமாடி:
'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டுக்கு எழுபது தடவைக்கும் மேல் திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்ததாக மெக்குவினே சொல்லியிருக்கிறார். பிளெய்ன் ஆட்கள் மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டு முடித்துவிட்டார்கள். வித்தியாசம் தெரிகிறதா?

கேசட்காரன்:
கருவிக்கே அடித்துக்கொள்கிறீர்கள். பைர்ட்ஸின் நல்ல பாட்டுகளை எழுதியவர் ஜீன் கிளார்க். அவர் 1966இல் விலகியதோடு குழுவின் உயிர் போய்விட்டது.

பன்னிருதந்தி:
முதலில் 'பேர்ட்ஸ்' என்று எழுதுங்கள். பறவைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில்தான் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினார்கள், உச்சரிப்பு மாறவில்லை. அப்புறம், உயிர் போன குழுவா 1968இல் பாடகர் கிராம் பார்சன்ஸைச் சேர்த்துக்கொண்டு நாஷ்வில் போய் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' ஆல்பத்தைப் பதிவு செய்தது? 'எய்ட் மைல்ஸ் ஹை' கேளுங்கள். ஜாஸ் சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனையும் சிதார் ரவிசங்கரையும் பயண வண்டியில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிறந்த கிதார் அது. அதையும் சம்பளத்துக்கு வந்தவரா வாசித்தார்?

கேசட்காரன்:
அந்தப் பாட்டில் பெரும்பகுதி ஜீன் கிளார்க் எழுதியது. பெயரை எப்படி எழுதுவது என்று உங்களிடம் நான் பாடம் கேட்கவில்லை. போன மாதம் கிராஸ்பி திரியிலும் இதே அதிகாரம்தான். அவரை 1967இல் வெளியேற்றியது சரி என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தீர்கள். மறக்கவில்லை.

பன்னிருதந்தி:
இப்போதும் சொல்கிறேன், சரிதான். மேடையில் பாட்டுக்கு நடுவே அரசியல் பேசிக் குழுவை நோகடித்தவர் அவர். அதை விடுங்கள். மொட்டைமாடி இன்னும் பதில் சொல்லவில்லை. ஜனவரி 20, ரிக்கன்பேக்கர் யார் கையில் இருந்தது?

மொட்டைமாடி:
டிரம்ஸ் குச்சி யார் கையில் இருந்தது?

பன்னிருதந்தி:
கிதாரைக் கேட்டால் டிரம்ஸைச் சொல்கிறீர்கள். அந்த ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை நாளைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறேன். ஓடிவிடாதீர்கள்.