ஆக்லாந்தில் குடும்பத்தோடு வெறுங்காலில் கடைக்குப் போவது கேவலமா?

கிவிக்கோழி:
சனிக்கிழமை பூங்காவில் விளையாடிவிட்டு நான், மனைவி, பிள்ளைகள் இருவர் அப்படியே சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம். நான்கு பேர் காலிலும் செருப்பு இல்லை. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த தமிழர் ஒருவர் வந்தார். என் காலைப் பார்த்தார், பிள்ளைகள் காலைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார். போகும்போது “ஊர்ல பிச்சைக்காரன்கூடச் செருப்புப் போட்டிருக்கான்” என்று ஒரு சிரிப்பு. அதே வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பமும் வெறுங்கால்தான். அவர்களிடம் சொல்வாரா? இங்கே பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகள் செருப்பில்லாமல் வருகிறார்கள். வெறுங்காலோடு கார் ஓட்டினாலும் சட்டப்படி குற்றமில்லை. அப்படியென்றால் தப்பு என்ன?

மிளகுரசம்:
தப்பு இல்லை, அழுக்கு. அந்தத் தரையில் பால் கொட்டும், இறைச்சிப் பொட்டலத்திலிருந்து ரத்தம் சொட்டும், பார்க்கிங்கில் நாய் அசிங்கத்தை மிதித்தவனும் அங்கேதான் நடப்பான். வீட்டு வாசலில் நாம் செருப்பைக் கழற்றுவது எதற்கு? வெளி அழுக்கு வெளியிலேயே நிற்கட்டும் என்றுதானே? நீங்கள் காலையே செருப்பாக்கிவிட்டீர்கள். அதை எப்படிக் கழற்றி வாசலில் விடுவீர்கள்?

கிவிக்கோழி:
கழுவிவிட்டு உள்ளே வருவேன். தோட்டத்துக் குழாய் எதற்கு இருக்கிறது? உங்கள் செருப்பின் அடியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

வார்டுக்காரி:
நான் நர்ஸ். கொக்கிப்புழுவைச் சொல்லி யாராவது பயமுறுத்துவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது காலில் ஏற மனித மலம் கலந்த, வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள மண் வேண்டும். கடை டைல்ஸ் தரையில் அது வராது. டெட்டனஸுக்கு இங்கே 6 வாரம், 3 மாதம், 5 மாதம், 4 வயது, 11 வயது என்று ஊசி அட்டவணையே இருக்கிறது. விட்டுப்போகாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை. கூட வரும் தாத்தா பாட்டியைப் பற்றித்தான். சர்க்கரை முற்றிக் கால் மரத்துப்போனவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்து ஆசையில் செருப்பைக் கழற்றாதீர்கள். குத்தினது தெரியாது, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடச் சொல்கிறோம் நாங்கள்.

பனங்கிழங்கு:
கடையை விடுங்கோ, எங்கட வீட்டுப் புல்லில் நடந்து பாருங்கோ. ஒனிஹங்கா என்று ஒரு களை, ஆக்லாந்துப் பேட்டையின் பெயர்தான் அதுக்கு. நவம்பர், டிசம்பரில் காய்த்து முள்ளாகும். என் மகன் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா என்று கத்துவான். பிடுங்கிவிட்டால் திரும்பவும் வெறுங்காலோடு ஓடுவான்.

செங்காட்டான்:
எல்லாரும் கிருமியிலும் முள்ளிலும் நிற்கிறீர்கள். என் தாத்தா ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். தெரு முடிந்த பிறகு போட்டுக்கொள்வார். மறந்து போட்டுக்கொண்டு நடந்தால் என்ன நடக்கும் என்று அப்பாவுக்கு ஏழு வயதிலேயே தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. பொது இடத்தில் செருப்புப் போடவிடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதிச் சேர்த்தது 2015இல் வந்த திருத்தம். அந்த வருஷத்திலும் அப்படி எழுதவேண்டி இருந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள். ‘தப்பு என்ன’ என்று நீங்கள் லேசாகக் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்கிறது.

என் மகளுக்கு ஆறு வயது. அவள் வகுப்பில் பாதிப் பேர் வெறுங்கால். தினமும் காலையில் நான் குனிந்து ஷூ நாடா கட்டி அனுப்புகிறேன். சாயங்காலம் ஷூ பைக்குள் இருக்கும், பாதம் பச்சைப் புல் கறையோடு வரும்.

மிளகுரசம்:
பார்த்தீர்களா, செருப்பு என்றால் மரியாதை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செங்காட்டான்:
இல்லை, நீங்கள் சொன்னது அழுக்கு. அந்தச் சொல்லை என் தாத்தாவும் நிறையக் கேட்டிருக்கிறார். என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

கிவிக்கோழி:
செங்காட்டான், நான் இந்தப் பக்கமிருந்து யோசிக்கவில்லை. ஆனால் என்னைக் கிண்டல் செய்தவர் உங்கள் தாத்தா பக்கம் நின்றா பேசினார்? வெறுங்கால் என்றதும் அவருக்கு யார் ஞாபகம் வந்தது என்று பாருங்கள். அவர் கண்ணுக்குப் பயந்து நான் செருப்பு மாட்டினால் அந்தக் கண்தானே ஜெயிக்கிறது?

செங்காட்டான்:
அவர் புத்தி அப்படி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளை வெறுங்காலோடு வந்தால் ஜாலியாக வளர்க்கிறார்கள் என்பார்கள். நம் பிள்ளை வந்தால் என்ன நினைப்பார்களோ என்ற உதறல் உங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லையா? எனக்கு விட்டபாடில்லை.

கிவிக்கோழி:
வந்திருக்கிறது. வங்கிக்குப் போகும்போது நான்கு பேருக்கும் ஷூ மாட்டித்தான் கூட்டிப்போனேன். ஏன் என்று மகன் கேட்டான், மழை வரும் என்றேன்.

பனங்கிழங்கு:
வர்ற ஞாயிறு பீஹா கடற்கரைக்குப் போறம், ரெண்டு குடும்பமும் வாங்கோ. பிள்ளைகளுக்குச் செருப்பு மட்டும் எடுத்து வாங்கோ. அங்கே கருமணல். மத்தியானத்தில் வெள்ளைக்காரனும் குதிச்சுக் குதிச்சுத்தான் ஓடுவான்.