பிறப்புப் பதிவில் உள்ள பெற்றோர் தொழிலை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
பெற்றோரின் வேலைக்கும் குழந்தையின் பிறவிக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வு செய்கிறேன். எல்லோரையும் நேரில் கேட்க ஆள் இல்லை, அதனால் பிறப்புப் பதிவில் இருக்கும் தொழிலையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு சந்தேகத்தில் 40 அம்மாக்களைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தால் 11 பேர் சொன்னது பதிவோடு ஒத்துப்போகவில்லை. 'இல்லத்தரசி' என்று பதிவான நான்கு பேர் கர்ப்பத்தின் பாதி வரை வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஒருவர் பெயிண்ட் தொழிற்சாலைக்கு. அப்பாக்களுக்குப் பல இடத்தில் 'கம்பெனி வேலை', அவ்வளவுதான். இந்தத் தரவை ஒதுக்கிவிட வேண்டியதுதானா? தயவுசெய்து உதவுங்கள்.

பதில் 1:
இந்தப் படிவங்களை வாங்கிச் சரிபார்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். பல நேரம் நிரப்புவது அம்மா இல்லை, கூட வந்த உறவினர். 'தொழில்' என்று ஒரே ஒரு கட்டம், இப்போதைய வேலையா வழக்கமான வேலையா என்று அதில் இருக்காது, பிரசவத்துக்காக வேலையை விட்டவர் அந்த நிமிடம் வீட்டில்தானே இருக்கிறார், அப்படியே எழுதிவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியே அரைகுறை.

பதில் 2:
ஒதுக்க வேண்டாம், ஆனால் அப்படியே நம்பவும் வேண்டாம். கருவில் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகிற நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது அந்த வாரங்களில் பார்த்த வேலை, பதிவில் இருப்பதோ எட்டு மாதம் கழித்து எழுதியது. இன்னொன்று, அபாயமான வேலை அரிதாக இருந்தால் சின்னப் பிழையும் பெரிதாகும். 1000 அம்மாக்களில் 50 பேர்தான் உண்மையில் அந்த வேலையில் இருந்தார்கள் என்று வையுங்கள். பதிவு அதில் 30 பேரைப் பிடிக்கிறது, மீதி 950 பேரில் 30 பேரைத் தவறாகச் சேர்க்கிறது. பட்டியலில் உள்ள 60 பேரில் பாதி தவறு! உண்மையான தொடர்பு இருந்தாலும் பெரும்பாலும் அது மங்கித்தான் தெரியும். ஒரு நல்ல பக்கமும் உண்டு: பல குறைபாடுகள் தெரியவரும் முன்பே பதிவு முடிந்துவிடும், அதனால் பிழை குறைபாடுள்ள குழந்தைகள், இல்லாத குழந்தைகள் என்ற இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். பின்னால் போய்க் கேட்டால் குறைபாடுள்ள குழந்தையின் அம்மா ஒவ்வொரு நாளையும் தோண்டி நினைவுபடுத்துவார், மற்றவர் அப்படிச் செய்யமாட்டார்.

கேள்வி கேட்டவர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. பழைய பதிவுகளையும் சேர்க்கலாமா? அப்புறம் 'கம்பெனி வேலை' என்பதை என்ன செய்வது?

பதில் 2:
பழையதில் அம்மாவின் தொழிலுக்கு இடமே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் அப்பாவின் தொழில் 1837 முதல் பதிவாகிறது, அம்மாவின் தொழிலைப் பொதுவாகச் சேர்த்ததே 1984-இல்தான். 'கம்பெனி வேலை'யை ஊகித்து எங்கேயும் அடைக்காதீர்கள், 'தெரியவில்லை' என்று தனியாக வையுங்கள், அப்படி எழுதியவர்கள் யார் என்றும் பாருங்கள், அது ஒரே மாதிரிக் குடும்பங்களாக இருந்தால் அதுவே முடிவை ஒரு பக்கம் இழுக்கும் ஒரு சாய்வு. மற்றதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008 தொழில் வகைப்பாட்டில் இரண்டு பேர், குழந்தையின் நிலை தெரியாமல், தனித்தனியாகக் குறியிடட்டும்.

பதில் 1:
அந்த 40-ஐ 200 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், அம்மா, அப்பாவுக்குப் பிழை விகிதத்தைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கேட்கும்போது 'என்ன தொழில்' என்று கேட்காமல் 'கர்ப்பம் என்று தெரிந்த மாதம் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' என்று கேளுங்கள்.