அடக்கமான பொண்ணு

ரங்கூனிலிருந்து ஓர் அம்மா:

2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த ராத்திரி, எங்கள் வீட்டுத் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மகளுக்கு அப்போது ஆறு வயது. ஐராவதி ஆற்று டெல்டா பக்கம் ஊர் ஊராக அழிந்து கிடந்தபோது, எங்களில் ஒருவருக்கும் அடிபடாததே பெரிய பாக்கியம் என்று இருந்தோம்.

ஜூனில் மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வந்தன. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிட உட்கார வைத்தால் போதும், "வயித்த வலிக்குதும்மா" என்பாள். தினமும். பூச்சி மருந்து கொடுத்தோம். காளி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினோம். மாமியார் "வளர்ந்தா சரியாயிடும்" என்றார், நானும் நம்பினேன்.

வளர வளர வயிற்றுவலி நின்றது. தூங்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பது வந்தது. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். டீச்சர்கள் "அடக்கமான பொண்ணு" என்றபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது இருபது தாண்டிவிட்டாள். வேலைக்கு இன்டர்வியூ என்றால் முந்தின நாளே வாந்தி. அந்தப் பழைய பயம்தான் வயசுக்கு வயசு வேறு வேஷம் கட்டிவந்திருக்கிறது.

போன மாதம் அவளாகவே சொன்னாள்: "அன்னிக்கு ராத்திரி நீ தம்பியத் தூக்கிட்டு ஓடுனம்மா. நான் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன்."

பெகுவிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்:

அக்கா, படிக்கும்போதே நெஞ்சு அடைத்துவிட்டது. என்னிடம் படித்த ஒரு பையன் கடிப்பான், சிலேட்டை உடைப்பான். அவனுக்காக வீடு தேடி மூன்று முறை போனேன். இப்போது நன்றாகவே இருக்கிறான். அதே வகுப்பில் மூலையில் நகம் கடித்துக்கொண்டிருந்த பெண்ணின் பேர்கூட எனக்கு ஞாபகமில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 26 வயதில் மனநலச் சிக்கல் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஏதோ ஒரு சிக்கல் இருந்திருக்கிறது. சின்ன வயதில் சிக்கல் இருந்த எல்லாருமே அப்படி ஆவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை அக்கா, என்னிடம் படித்த அந்தப் பையனே சாட்சி. ஆனால் தானாகச் சரியாகும் என்று இனி எந்தத் தாயிடமும் சொல்லமாட்டேன்.

அந்த அம்மா மறுபடியும்:

டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம் தங்கச்சி. தாழ்ப்பாளை ஒரே தடவை பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று வெளியே நல்ல காற்று. இரண்டாவது தடவையோடு வந்து படுத்துவிட்டாள்.