மாக்ரித்தோட "கோல்கொண்டா" ஓவியத்தை டிசைன் பிரின்சிபிள் வச்சு எப்படி எழுதுறது? ஹெல்ப் வேணும்

பென்சில்சீவி

எல்லாருக்கும் வணக்கம். நான் விஸ்காம் ரெண்டாவது வருஷம். சர்ரியலிச ஓவியம் (கனவுல வர்ற மாதிரி, நிஜத்துல நடக்காததை வரையற பாணி) ஏதாவது ஒண்ணை எடுத்து அதை விஷுவல் டிசைன் பிரின்சிபிள்ஸ் வழியா அலசி எழுதணும்னு அசைன்மென்ட். நான் ரெனே மாக்ரித் 1953ல வரைஞ்ச கோல்கொண்டா எடுத்திருக்கேன். பாக்காதவங்களுக்காக சொல்றேன், கீழ சிவப்பு ஓடு போட்ட வீடுங்க, மேல வெளிர் நீல வானம், அந்த வானம் பூராவும் கறுப்பு ஓவர்கோட்டும் பௌலர் தொப்பியும் போட்ட ஆம்பளைங்க அந்தரத்துல நிக்கிறாங்க, அவ்வளவுதான் படம்.

நான் என்ன எழுதினேன்னா, ரிபிட்டிஷன் இருக்கு, ரிதம் இருக்கு, பேலன்ஸ் இருக்கு, கான்ட்ராஸ்ட் இருக்கு, யூனிட்டி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாரா. மேம் படிச்சிட்டு "இதை எந்தப் படத்துக்கு வேணா எழுதலாமே, இந்தப் படத்தைப் பத்தி எங்க எழுதியிருக்க"ன்னு கேட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க சொன்னது சரின்னுதான் எனக்கும் படுது, ஆனா வேற எப்படி எழுதறதுன்னு தெரியல.

எனக்கு சிக்குற இடம் மூணு. எம்பசிஸ்னு, அதாவது ஒரு இடத்தை மட்டும் அழுத்திக் காட்டுறதுன்னு ஒண்ணு இருக்கே, இந்தப் படத்துல ஃபோகல் பாயிண்ட், கண்ணு போய் தங்குற இடம், எதுன்னு எவ்வளவு தேடியும் கிடைக்கல, அது படத்தோட குறையா? அடுத்தது மூவ்மென்ட், இவங்க கீழ விழறாங்களா மேல போறாங்களா? கடைசியா, நம்ம ஹைதராபாத் பக்கத்துல இருக்கிற கோல்கொண்டா பேரு பெல்ஜியத்துக்காரர் படத்துக்கு எப்படி வந்துச்சு? இந்தப் படத்தைப் பாக்கும்போது பயமாவும் இருக்கு, அமைதியாவும் இருக்கு, அது ஏன்னு எனக்கே புரியணும்னுதான் இதை எடுத்தேன்.

கரிக்கோடு

தங்கச்சி, நான் பதினெட்டு வருஷமா பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்கிறேன், இந்தப் படத்தை வகுப்புல நிறைய தடவை வச்சிருக்கேன். பிரின்சிபிள் எல்லாம் இருக்கான்னு டிக் அடிக்கிறதை முதல்ல விட்டுருங்க. சர்ரியலிச ஓவியத்துல கேக்க வேண்டிய கேள்வி, எந்தெந்த விதியை இவர் ஒழுங்கா காப்பாத்தியிருக்காரு, எதை மட்டும் கைவிட்டிருக்காருங்கிறதுதான்.

கோல்கொண்டால வீட்டுக்கு ஏதாவது ஆகியிருக்கா பாருங்க. ஜன்னல் ஜன்னலா இருக்கு, ஓடு ஓடா இருக்கு, வெளிச்சம் சாதாரண பகல் வெளிச்சம், சுவர் பக்கத்துல இருக்கிற ஆளுங்களோட நிழல் சுவர்ல விழுது, எட்ட இருக்கிறவங்க சின்னதா தெரியறாங்க. எல்லாம் பள்ளிக்கூடத்து பாடம் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. தரை மட்டும்தான் காலுக்குக் கீழ இல்ல. மத்த அத்தனையும் நம்ம தெருவுல பாக்குற மாதிரி இருக்கிறதால அந்த ஒண்ணையும் கண்ணு நம்பிடுது. நீங்க சொன்ன பயமும் அமைதியும் அதுலேர்ந்து வருதுன்னு நான் நினைக்கிறேன், அந்த நிழல் மட்டும் இல்லன்னா அவங்க வானத்துல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி ஆயிருப்பாங்க, நிழல் விழுந்ததாலதான் அவங்களுக்கு உடம்பு இருக்கு, எடை இருக்கு, எடை இருந்தும் விழாம இருக்காங்க.

இப்போ ஃபோகல் பாயிண்ட். நாம போஸ்டர் பண்ணும்போது என்ன செய்வோம், ஒரே உருவத்தை வரிசையா வச்சு அதுல ஒண்ணை மட்டும் கலர் மாத்துவோம் இல்ல திருப்பி வைப்போம், கண்ணு அங்க போய் உக்காந்துக்கும். ரிபிட்டிஷனை முதல்ல கட்டுறதே கடைசில அதை உடைக்கத்தான். மாக்ரித் கட்டிட்டு உடைக்காம விட்டுட்டாரு. பழகின கண்ணு அந்த ஒரு வித்தியாசமான ஆளைத் தேடிக்கிட்டே இருக்கு, கிடைக்கவே இல்ல, அதனால நிக்காம சுத்துது. அது குறை இல்லீங்க. மனசுக்குள்ள ஒருத்தருக்கு மட்டும் சிவப்புத் தொப்பி போட்டுப் பாருங்க, உடனே படம் அந்த ஆளோட கதையா மாறிடும், மத்தவங்க எல்லாம் பின்னணி ஆயிடுவாங்க. இப்போ இருக்கிற படத்துல யாரும் பின்னணி கிடையாது, யாரும் நாயகனும் கிடையாது. இதை எழுதினீங்கன்னா அது இந்தப் படத்தைப் பத்தி மட்டும்தான் எழுத முடிஞ்ச வாக்கியம்.

இன்னொண்ணு, வானத்துல ஆழத்தைக் காட்ட கோடே கிடையாது. தெருன்னா ரெண்டு ஓரமும் தூரத்துல போய் சேரும், வானத்துல அதுக்கு வழி இல்ல. ஆளோட அளவை வச்சே ஆழத்தைக் கட்டியிருக்காரு, பக்கத்து அடுக்கு பெருசு, நடு அடுக்கு சின்னது, கடைசி அடுக்கு பொடிசு பொடிசா. இதனால வெறும் வானம் ஒரு பெரிய கூடம் மாதிரி ஆயிடுது.

நூலும்சாயமும்

கரிக்கோடு சார் சொன்னதோட ஒண்ணு சேக்கணும். நான் சேலை டிசைன் பண்றவ, முதல் தடவை இந்தப் படத்தைப் பாத்தப்போ எனக்கு ஆளுங்க கண்ணுல படல, ரிப்பீட்தான் பட்டுச்சு. சேலையோட உடம்புல புட்டா, அதாவது சின்னச் சின்ன பூ உருவம், வைக்கும்போது ஒரு வரிசைக்கு நேர் கீழ அடுத்த வரிசையை வைக்க மாட்டோம், ரெண்டு புட்டாவுக்கு நடுவுல வர்ற மாதிரி தள்ளி வைப்போம், அதைத்தான் பிரிக் ரிப்பீட்னு சொல்றது. கோலம் போடுறவங்களுக்கு இன்னும் சுலபமா புரியும், நேர்ப்புள்ளி இல்ல இது, இடுக்குப் புள்ளி. மாக்ரித்தோட ஆளுங்க நிக்கிறது இடுக்குப் புள்ளில. நாலு பேரை கோடு போட்டு சேத்தா சாஞ்ச சதுரம் வரும், அதாவது சீட்டுக்கட்டு டைமண்ட்.

இதுல முக்கியமான விஷயம், மாக்ரித் 1920கள் ஆரம்பத்துல வால்பேப்பர் கம்பெனில டிசைனரா வேலை பாத்தவர். அப்புறம் போஸ்டர், விளம்பரம்னு வருஷக்கணக்கா அந்த வேலையும் செஞ்சிருக்காரு. வால்பேப்பர் போடுறவங்களுக்கு முதல்ல பழக்குறதே கண்ணு ஒரு இடத்துல தங்கக் கூடாதுங்கிறதுதான், ஒரு பூ மட்டும் துருத்திக்கிட்டு நின்னா சுவர் பூரா அந்தப் பூவோட கறை மாதிரி திரும்பத் திரும்பத் தெரியும். எங்களுக்கும் அதே பாடம்தான். அதனால ஃபோகல் பாயிண்ட் ஏன் இல்லங்கிற கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில், சுவருக்கு ஒட்ட வேண்டியதை அவர் வானத்துக்கு ஒட்டியிருக்காருங்கிறதுதான், இது என்னோட பார்வை, நீங்க உங்க கண்ணால சரிபாத்துட்டு எழுதுங்க. பேட்டர்னுக்கு ஓரம் கிடையாது, படத்தோட சட்டம் முடிஞ்ச பிறகும் பக்கத்து தெரு, அடுத்த ஊர்னு அவங்க போய்க்கிட்டே இருப்பாங்கன்னு தோணுதுல்ல, அது ரிப்பீட்டால வர்றது.

ஆனா வால்பேப்பர்லயும் சேலைலயும் ஒரே அச்சு, ஒரே பூ. இங்க அப்படி இல்லடா கண்ணு, பெருசு பண்ணிப் பாரு. ஒருத்தர் நேரா நிக்கிறாரு, ஒருத்தர் கொஞ்சம் திரும்பி நிக்கிறாரு, முகமும் ஒண்ணு போல இல்ல. கூட்டத்துல இருக்கிறவங்க தனித்தனி ஆளுங்கதான், ஆனா கூட்டம்னு பாக்கும்போது நாம யாரையும் தனியா நினைக்கிறதில்ல, அதனாலதான் ஒரே மாதிரி உடுப்புங்கிற அர்த்தத்துல மாக்ரித்தே பேசியிருக்காரு. உங்க புத்தகத்துல யூனிட்டி, வெரைட்டின்னு ரெண்டு தலைப்பு இருக்கும், அதை ரெண்டு பாராவா பிரிக்காம இந்த இடத்துல சேத்து எழுது, தூரத்துல ஒரே ஆள், கிட்ட போனா வேற வேற ஆள்னு.

ஈரச்சுவர்

ரெண்டு பேர் சொன்னதும் நல்லா இருக்கு, ஆனா எம்பசிஸே கிடையாதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். என் கண்ணு முதல்ல போறது அந்தச் சிவப்பு ஓட்டுக்குத்தான். படம் பூரா வெளிர் நீலம், சாம்பல், கறுப்பு, சூடான கலர்னு பெருசா இருக்கிறது கூரை மட்டும். அதுவும் வலது பக்கத்து வீடு மத்ததை விட முன்னாடி வந்து உயரமா நிக்குது, அதனால எடை அந்தப் பக்கம் இழுக்குது, எதிர்ப்பக்கம் வானம் கூடுதலா திறந்து கிடக்கு. அந்த எடையை சமன் பண்றதே மிதக்கிற ஆளுங்கதான். வீட்டை கையால மறைச்சிட்டுப் பாருங்க, படம் வெறும் பேட்டர்ன் ஆயிடும், ஆளுங்களை மறைச்சா சாதாரண தெருப்படம் ஆயிடும். ரெண்டும் சேந்து நின்னாதான் சர்ரியல்.

அப்புறம் ஜன்னல் வரிசையைப் பத்தி யாருமே சொல்லல. ஜன்னலும் வரிசை, ஆளும் வரிசை, ரெண்டும் செங்குத்து, ரெண்டும் இடைவெளி விட்டு விட்டு வர்றது. வீட்டோட தாளத்தைத்தான் வானம் திரும்ப வாசிக்குது. அதனாலதான் அந்த ஆளுங்க அங்க இருக்கிறது அந்நியமா தெரியல. ஜன்னல்லேர்ந்து யாரும் எட்டிப் பாக்கவும் இல்ல, இவ்வளவு பெரிய அதிசயம் வெளிய நடக்குது, அந்தத் தெருவுக்கு அது ஒரு செய்தியே இல்ல.

விழறாங்களா ஏறுறாங்களாங்கிறதுக்கு, வேகம் காட்டணும்னா நாம என்னல்லாம் வரைவோம்னு யோசிங்க. மழையை வரைஞ்சா சாய்கோடு இழுப்போம். விழற ஆளை வரைஞ்சா ஓவர்கோட்டு மேல பறக்கும், தொப்பி கழண்டு போகும், கை அலையும். இங்க கோட்டு நேரா தொங்குது, தொப்பி தலைலயே இருக்கு, பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. மழை மாதிரி பொழியறாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அந்த இடுக்குப் புள்ளி அமைப்பு மழைத்துளியை ஞாபகப்படுத்துறதால வர்ற எண்ணம் அது, படத்துல விழறதுக்கு ஒரு தடயமும் இல்ல. மூவ்மென்ட்னு நீங்க எழுத வேண்டியது நம்ம கண்ணு போற பாதையைப் பத்தி, அது மூலைவாட்டுல ஏறும், இறங்கும். ஆளுங்க அசையல.

பழையபாதை

ஓவியம் எனக்கு அவ்வளவா தெரியாது, பேரைப் பத்தி மட்டும் சொல்றேன் பாப்பா. அந்தப் பேரை வச்சது மாக்ரித்தோட நண்பர், லூயி ஸ்கூட்டனேர்னு ஒரு பெல்ஜியக் கவிஞர். மாக்ரித்தோட நிறைய படங்களுக்கு இப்படி நண்பர்கள்தான் பேரு யோசிச்சுக் குடுப்பாங்க. வலது பக்க வீட்டுப் புகைபோக்கி பக்கத்துல இருக்கிற பெரிய ஆளுக்கு ஸ்கூட்டனேரோட முகத்தையே வச்சிருக்காருன்னு சொல்வாங்க, தேடிப் பாரு.

கோல்கொண்டா குதுப் ஷாஹி ராஜ்ஜியத்துக்குத் தலைநகரா இருந்த ஊரு, 1687ல ஔரங்கசீப் பிடிச்சாரு. கிருஷ்ணா நதி ஓரத்துச் சுரங்கத்துல எடுத்த வைரமெல்லாம் அங்கதான் விலை போச்சு, அதனால ஐரோப்பாக்காரங்களுக்கு அந்தப் பேரே அளவில்லாத செல்வம்னு அர்த்தம் ஆயிடுச்சு. மினுக்குற பேரு, படத்துல இருக்கிறது ஆபீஸ் போற கறுப்புக் கோட்டு. பேருக்கும் படத்துக்கும் ஒரு விடுகதை மாதிரி முடிச்சுப் போட்டு விடை எழுதப் போகாத. பேரு படத்தை விளக்குறதுக்குன்னு அவங்க வைக்கல, பக்கத்துல ஒரு கனவை வச்ச மாதிரி வச்சாங்க.

பென்சில்சீவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா, சார், ஐயா எல்லாருக்கும். டைமண்ட் வடிவமும் வைரமும் ஒண்ணா வருதேன்னு உடனே எழுதப் போனேன், ஐயா சொன்னதைப் படிச்சிட்டு நிறுத்திட்டேன் 🙂 கண்ணுக்குத் தெரியற அமைப்புன்னு மட்டும் எழுதிட்டு விட்டுடறேன்.

ஒரு சந்தேகம். நான் இதை இவ்வளவு நாளும் ஃபோன்லதான் பாத்தேன், கடைசி அடுக்கு ஆளுங்க வெறும் புள்ளியாத்தான் தெரிஞ்சாங்க, அவங்களையும் எண்ணி எழுதணுமா?

கரிக்கோடு

எண்ண வேண்டாம்மா, ஆனா அளவு தெரியணும். ஒரிஜினல் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல மெனில் கலெக்‌ஷன்ல இருக்கு, உயரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர், அகலம் 100. அந்த அளவுக்கு நியூஸ்பேப்பரை வெட்டி சுவர்ல ஒட்டுங்க, ஆறடி தள்ளி நில்லுங்க, அப்புறம் கை எட்டுற தூரத்துக்கு வாங்க. எட்ட நிக்கும்போது பேட்டர்ன், கிட்ட வந்தா முகம்னு அக்கா சொன்னாங்களே, அது நடக்கிறது இந்த ரெண்டு தூரத்துக்கு நடுவுலதான். ஸ்கேல் பத்தி எழுதும்போது ஆளோட அளவோட இதையும் சேருங்க. ஈரச்சுவர் சொன்ன சிவப்பு ஓடு விஷயத்தை நான் ஏத்துக்கறேன், கண்ணு அங்க நுழையுது, ஆனா தங்குறதில்ல, வாசப்படி மாதிரி.

பென்சில்சீவி

சார், நேத்து ராத்திரி மாடில சாக்பீஸால 7 வரிசை இடுக்குப் புள்ளி வச்சு, அதுல ஒரே ஒரு புள்ளியை மட்டும் அழிச்சிட்டு அம்மாவைக் கூப்பிட்டு எதைப் பாக்கறீங்கன்னு கேட்டேன். நேரா அந்த ஓட்டையைக் காட்டி "ஏன் இங்க விட்டுட்ட"ன்னு கேட்டாங்க. திரும்ப அந்தப் புள்ளியை வச்சுட்டு கேட்டேன், அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு "எதைடி பாக்கச் சொல்ற"ன்னாங்க. அதையே முதல் பாராவா எழுதிட்டேன், மூணு அடுக்கையும் மூணு கலர் பென்சில்ல ட்ரேஸ் பண்ணி கூட வைக்கிறேன், திங்கக்கிழமை குடுக்கணும்.